சாப்பிடாமல் போனவள்

சரின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். சொல்லிட்டா சாயங்காலம் பஸ் ஏறி வீட்டுக்குப் போயிரலாம், இனிமே ஜெயிலும் இல்ல, வாய்தாவும் இல்லன்னு வக்கீலம்மா ஆமினா சொல்லிட்டுப் போனாங்க, சொல்லும்போது என் மூஞ்சியைப் பாக்கல, கேஸ் கட்டோட நாடாவை முடிச்சுப் போடுறதும் அவுக்கிறதுமா நின்னாங்க. ஜட்ஜய்யா காலைல கட்டைப் புரட்டிப் பாத்தாராம். பொம்பளை, இதுக்கு முந்தி ஒரு கேஸும் கிடையாது, நகையும் திரும்பக் கிடைச்சிருச்சு, குற்றவாளின்னு கீழ்க்கோர்ட் சொன்னதை எதிர்த்து வாதாடப் போறதில்லன்னா, ஏற்கெனவே உள்ள இருந்த நாளையே தண்டனையா எடுத்துக்கிட்டு முடிச்சுவிடலாம், கட்சிக்காரங்ககிட்ட கேட்டுட்டு வாங்க, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எடுக்கிறேன்னாராம். நல்ல மனுஷன்தான். இது கோர்ட்ல நடக்கிற வழக்கம்தானாம், பாதி அப்பீல் இப்படித்தான் முடியுதாம். முடியட்டும், யார் வேணாம்னா. வாதாடி ஜெயிச்சா நான் திருடி இல்ல. வாதாடித் தோத்தா ரெண்டு வருஷம், உள்ள இருந்தது போக மிச்சத்தைக் கழிக்கணும். சரின்னு சொன்னா ஜெயில் கிடையாது, ஆனா திருடிதான், கோர்ட்டே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் குடுத்த திருடி. நானா. ஜெயக்கொடியா. இந்த ஊர்ல எத்தனை வீட்டுக் கல்யாணப் பொண்ணுங்களோட தலையில இந்தக் கை பட்டிருக்கு, பீரோ சாவியை என் மடியில போட்டுட்டுக் குளிக்கப் போன மகராசிங்க எத்தனை பேரு. புங்க மரத்தடியில இந்த சிமெண்டு பெஞ்சு மத்தியான வெயிலுக்குச் சுடுது, ஜெராக்ஸ் கடை மிஷின் விடாம கத்துது, என் மடியில ஒரு டிபன் டப்பா இருக்கு, மூடியைத் திறக்கல.

டப்பாவை மடியில வச்சுட்டுப் போனது எங்க வீட்டுக்காரர் சீனிராஜ். விடியுமுன்ன எந்திரிச்சு அவரே எலுமிச்சை சாதம் கிண்டி, உருளைக்கிழங்கை வதக்கி, அடியில கொஞ்சம் தீய விட்டு எடுத்துட்டு வந்திருக்காரு. லோடு ஆட்டோ ஓட்டுற கை, கரண்டி பிடிச்சா அப்படித்தான். இப்ப தண்ணி பாட்டில் வாங்கப் போயிருக்காரு. போகும்போது என்ன சொன்னாரு, மானம் மரியாதைன்னு பேசிப் பேசி உள்ள போய் உக்காந்துக்கிறாத கொடி, நீ இல்லாம அந்த வீட்ல என்னால இருக்க முடியலன்னாரு. எனக்கு அழுகை வரல, கோவம்தான் வந்துச்சு, ஏன்னா அவர் சொல்றது நியாயம். நியாயமா இருக்கிறது மேலதான் எனக்கு எப்பவும் கோவம் வருது. அப்புறம் திரும்பி வந்து, வெறும் வயித்தோட ஜட்ஜு முன்னால நிக்காத, சாப்பிடுன்னாரு. சாப்பிடு. அந்தச் சொல்லு வந்து விழுந்ததும் வயிறு தானா மூடிக்கிச்சு. நாலு வருஷமா எனக்கு அந்தச் சொல்லோட சண்டை. கீழ்க்கோர்ட் தீர்ப்புல ஒரு வரி இருக்கு, எனக்கு மனப்பாடம், தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்: விருந்து நடந்துகொண்டிருந்த வேளையில் எதிரி உணவருந்தாமல் அவசரமாக மண்டபத்தைவிட்டு வெளியேறியது அவருடைய குற்ற மனதைத் தெளிவாகக் காட்டுகிறது. எதிரின்னா நான்தான். கோர்ட்டு பாஷையில குற்றம் சாட்டப்பட்டவங்களுக்கு எதிரின்னு பேரு. யாருக்கு எதிரின்னு நான் கேக்கல.

அந்தக் கல்யாணம் ஆனி மாசத்துக் கடைசி முகூர்த்தம். ஜின்னிங் மில்லுக்காரங்க வீடு, பொண்ணு பேரு நிவேதா. என்னை மாதிரி மணப்பெண் அலங்காரம் பண்றவங்களுக்கு முகூர்த்த நாள்ல ராத்திரியும் கிடையாது பகலும் கிடையாது, முந்தின நாள் சாயங்காலம் போனது, வரவேற்புக்கு ஒரு அலங்காரம், விடிகாலையில தாலி கட்டுறதுக்கு ஒரு அலங்காரம், நடுவுல ஒரு காப்பித் தண்ணி குடிச்சதோட சரி. நிவேதாவுக்குக் கண்ணுல மை இழுக்க விடாம இமை துடிக்குது. நான் என்ன செஞ்சேன், சீப்பை எடுத்து அவ தலையை வகிடு எடுக்கிற மாதிரி மெல்ல மெல்ல சீவிக்கிட்டே இருந்தேன், ஒரு பேச்சும் பேசல, கொஞ்ச நேரத்துல துடிப்பு அடங்கிருச்சு. அதெல்லாம் எந்த கோர்ஸ்லயும் சொல்லித் தர மாட்டாங்க. ஒட்டியாணம், வங்கி, ராக்கொடி, ஜடைநாகம், எல்லாம் அவங்க வீட்டுப் பழைய நகை, கல்லு வச்ச நெத்திச்சுட்டி ஒண்ணு, வகிட்டுல அது உக்காந்ததும் அந்தப் பொண்ணு மூஞ்சியே வேற ஆயிருச்சு. கண்ணாடியில பாத்துட்டு, அக்கா இது நான்தானான்னு கேட்டா. நீதான்டி, வேற யாருன்னேன். எனக்குக் கர்வம்தான். இருக்கத்தான் செய்யும், ஏன் இருக்கக் கூடாது. தாலி கட்டி முடிஞ்சு புடவை மாத்த உள்ள வந்தப்ப நெத்திச்சுட்டியை நானே கழட்டினேன், சிவப்பு வெல்வெட் பெட்டியில மத்ததோட வச்சேன், மூடினேன், பொண்ணோட அத்தை கோமதியம்மா கையில குடுத்தேன். குடுத்துட்டுப் பந்திக்குப் போனேன். பந்தி. அதுக்குள்ள போக வேணாம், இப்ப வேணாம்.

அந்தா கோர்ட்டு டவாலி வராந்தாவுக்கு வந்து யாரோ முருகானந்தம்னு மூணு தடவை கத்துறாரு. இடைவேளை முடிஞ்சிருச்சா. இல்லையாம், அது பக்கத்துக் கோர்ட்டாம். கல்யாணத்துக்கு மறுநாளும் இப்படித்தான், என் பேரை யாரோ வாசல்ல நின்னு கத்துன மாதிரி இருந்துச்சு, எட்டிப் பாத்தா ரெண்டு போலீஸ்காரங்க, நெத்திச்சுட்டியைக் காணோம்னு கோமதியம்மா புகார் குடுத்திருக்காங்க, வான்னாங்க. தெருவுல லைட்டு எரிய ஆரம்பிச்சிருச்சு. பொம்பளைங்களைப் பொழுது சாஞ்சப்புறம் அப்படிக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம் இருக்குதாம், அது எனக்கு ஆமினாம்மா சொல்லித்தான் தெரியும், அன்னிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா வாசல்படியை விட்டு எறங்கியிருப்பேனா. ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் மேசை மேல அந்த நெத்திச்சுட்டி இருந்துச்சு. கூடவே எடுத்துட்டு வரச் சொன்ன என் மேக்கப் பெட்டி என் கக்கத்துல, பூட்டு கூடத் திறக்கல, நகை அவர் மேசை மேல. இது எப்படி சார் இங்க வந்துச்சுன்னு கேட்டேன். விடியுற வரைக்கும் உக்கார வச்சாங்க, நான் சொன்னேன்னு ஒண்ணு எழுதினாங்க, நானே எடுத்தேன், என் பெட்டியிலதான் ஒளிச்சு வச்சேன், எடுத்துக் காட்டுறேன்னு. கையெழுத்துப் போடுன்னாங்க. போட மாட்டேன்னேன். அடிக்கல, பொய் சொல்ல மாட்டேன், ஆனா வீட்டுக்காரரையும் சேர்த்துக்குவோம்னாங்க. போட்டுட்டேன். ஆமினாம்மா சொன்னாங்க, ஒருத்தர் தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லணும்னு யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அது அரசியல் சட்டத்துலயே இருக்கு, போலீஸ்கிட்ட சொன்ன ஒப்புதல் செல்லாது, நகை உங்ககிட்ட இருந்துதான் கிடைச்சுதுன்னு நிரூபிக்க வேண்டியது அவங்க வேலை, எப்படி மேசைக்கு வந்துச்சுன்னு சொல்ல வேண்டியது உங்க வேலை இல்லைன்னு. அதைக் கேட்ட அன்னிக்கு ராத்திரி எனக்கு நல்லாத் தூக்கம் வந்துச்சு. என் வேலை எது, என் வேலை எது இல்லைன்னு ஒருத்தர் சொல்லிட்டா மனசு எம்புட்டு லேசாயிருது.

கீழ்க்கோர்ட்ல எனக்கு வாதாடினது வேற வக்கீல், கோபால்ராஜ் சார், வயசானவர். குறைசொல்ல மாட்டேன், அந்த டிரைவரை மடக்கினது அவர்தான். என் வீட்ல போலீஸ் என் பெட்டியிலிருந்து நகையை எடுத்ததைப் பாத்தேன்னு சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் மில்லுக்காரங்க வீட்டுக் கார் டிரைவர், அவனைக் கூண்டுல ஏத்தி, எங்கப்பா கையெழுத்துப் போட்டேன்னு கேட்டப்ப, ஸ்டேஷன்லதான் சார்னு உளறிட்டான். கோர்ட்டே சிரிச்சுச்சு. நான் சிரிக்கல, தலையை நிமித்தி உக்காந்திருந்தேன். சாட்சி எல்லாம் முடிஞ்சப்புறம் எதிரியைக் கேக்கிற கேள்வின்னு ஒரு நாள் வரும். உனக்கு எதிரா இப்படி இப்படிச் சாட்சி வந்திருக்கு, நீ என்ன சொல்றேன்னு ஒவ்வொண்ணா நம்மகிட்ட கேக்கணுமாம், கேட்டே ஆகணுமாம், அது நமக்குள்ள உரிமையாம். எனக்கு அப்ப என்ன தெரியும். முந்தின நாள் கோபால்ராஜ் சார் சொல்லிட்டாரு, என்ன கேட்டாலும் பொய்னு சொல்லிருங்கம்மா, வேற ஒரு வார்த்தை பேசாதீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்கன்னு. அப்படியே ஆச்சு. பெஞ்சு கிளார்க் எழுதி வச்ச கேள்வியைக் கடகடன்னு படிச்சாரு. நகைப்பெட்டியை நீங்க தன் கையில குடுக்கவே இல்லைன்னு கோமதி சொல்லியிருக்காங்களே. பொய். டிரைவர் இப்படிச் சொல்லியிருக்காரே. பொய். நீங்க மண்டபத்துல அலங்காரம் செய்யப் போனீங்களே. பொய். அட, அதுகூடப் பொய்னுட்டேன் பாருங்க, போனது உண்மைதானே, வாய்க்குப் பழகிருச்சு, பொய் பொய்னு அடுக்கிக்கிட்டே போச்சு. நான் அலங்காரம் பண்ணினதையே நான் இல்லைன்னு சொன்ன நாளு அது. ஆனா ஒண்ணை மட்டும் அவங்க கேக்கவே இல்ல. சாப்பிடாம ஏன் போனேன்னு யாரும் கேக்கல. அதைக் கேக்காமலேயே தீர்ப்புல எழுதிட்டாங்க. டிரைவர் உளறினது எங்கயோ அடியில போயிருச்சு, நான் சாப்பிடாமப் போனது மேல வந்து உக்காந்துக்கிச்சு.

கேஸ் நடக்குறதுக்கு முந்தியே, கைது பண்ணின கையோட, ஆடி முழுக்கவும் ஆவணியில பாதியும் பெண்கள் ஜெயில்ல இருந்தேன். ஆவணியில எத்தனை முகூர்த்தம் போச்சு. வெளிய என் கல்யாணப் பொண்ணுங்களுக்கு வேற யாரோ மை இழுத்தாங்க. ஆனா உள்ளயும் நான் சும்மா இருக்கல. போர்வை ஓரத்துல இருந்து நூல் பிரிச்சு எடுத்து, அதை வச்சுப் புருவம் திருத்திவிட்டேன். முதல்ல பக்கத்துப் பாய்க்காரி, அப்புறம் வரிசை கட்டிட்டாங்க. கோர்ட்டுக்குப் போற அன்னிக்குக் காலையில வந்து என் முன்னால உக்காந்துருவாங்க, அக்கா ஜடை போட்டுவிடுன்னு. கொலைக் கேஸ்காரி ஒருத்தி, பேரு சொல்ல மாட்டேன், இறுக்கிப் பின்னிவிட்டதும் கையால தடவிப் பாத்துட்டு, இப்ப நிமிந்து நிப்பேன்க்கான்னு சொல்லிட்டுப் போனா. வார்டர் அம்மா நாலு நாள் முறைச்சுப் பாத்துட்டு அஞ்சாம் நாள் தன் புருவத்தைக் காட்டினாங்க. என் கை திருடின கை இல்லைன்னு அங்க இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். வெளிய வந்தப்புறம்தான் ஒருத்தருக்கும் தெரியல. பார்லர் போர்டு அப்படியே இருக்கு, ஜெயக்கொடி பியூட்டி பார்லர்னு, நான் எறக்கல, எறக்க மாட்டேன், ஆனா கல்யாணப் பொண்ணு ஒண்ணுகூட வர்றதில்ல, காலேஜ் பிள்ளைங்க வந்து புருவம் திருத்திக்கிட்டுப் போகுதுங்க, அதுங்க அம்மாக்காரி வாசல்லயே நின்னு, கம்மலைப் பாத்துக்கடின்னு எனக்குக் கேக்கிற மாதிரிச் சொல்றா. சரின்னு சொல்லிட்டா இது இப்படியே இருக்கும். சாகுற வரைக்கும் இருக்கும். அதைச் சொன்னா சீனிராஜுக்குப் புரியுது, ஆனா அவருக்கு நான் வீட்ல இருந்தாப் போதும். எனக்குப் போதாது.

ஆமினாம்மா எனக்கு வந்தது அதிர்ஷ்டம்தான், சட்ட உதவி மையத்துல இருந்து சும்மாவே குடுத்தாங்க. வக்கீல் வைக்க வழியில்லாதவங்களுக்கு அரசாங்கமே வச்சுத் தரணும், அது பிச்சை இல்ல, உரிமைன்னு அவங்க சொன்னதும்தான் நான் அந்த மையத்துப் படியேறினேன், இல்லாட்டி ஏறியிருக்க மாட்டேன். முதல் நாளே தீர்ப்பை வரி வரியாப் படிச்சாங்க, அந்த இடத்துல வந்து விரலை வச்சாங்க. இதை உங்ககிட்ட கேட்டாங்களா? இல்லைன்னேன். நிச்சயமா? நிச்சயமா. என்கிட்ட கேட்ட கேள்வியெல்லாம் எழுதியிருந்த தாளைப் புரட்டிப் பாத்தாங்க, இல்ல. அப்படிச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிச்சாங்க. கேக்காத ஒண்ணை வச்சு உங்களைத் தண்டிக்க முடியாதும்மா, இதை அடிச்சுட்டா மிச்சக் கேஸ் நிக்காதுன்னாங்க. அப்புறம்தான் கேட்டாங்க, நிஜமா ஏன் சாப்பிடாமப் போனீங்கன்னு. பசிக்கலன்னேன். அவங்க என்னையே பாத்தாங்க. விடிய விடிய வேலை பாத்திருக்கீங்க, பசிக்கலையா. பசிக்கல. இன்னிக்குக் காலையிலயும் சொல்லிட்டுத்தான் போனாங்க, நான் அதை வாதாடினா ஜட்ஜய்யா கண்டிப்பாக் கேப்பாரு, சரி, கேட்டிருந்தா உங்க கட்சிக்காரங்க என்ன சொல்லியிருப்பாங்கன்னு, அப்ப நம்மகிட்ட ஒரு பதில் இருக்கணும்மா, பசிக்கலங்கிறது பதில் இல்ல. அவங்களுக்குத் தெரியும் நான் எதையோ முழுங்கி வச்சிருக்கேன்னு. கெட்டிக்காரி. ஆனா வாயைக் கிண்டல. சொல்ல விருப்பமில்லன்னா சொல்லாம இருக்கறதும் உங்க உரிமைதான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதான் என்னைக் கொல்லுது. கிண்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன்.

எறும்பு ஒண்ணு டிபன் டப்பா மூடி மேல ஏறுது. தட்டிவிட்டேன். திரும்ப ஏறுது. சரி, போ, நெனைச்சுத்தான் பாப்போமே, இப்ப இங்க யார் இருக்கா. பந்தி. கூடத்துல நீள வரிசை, கடைசிக்கு முந்தின இலை காலியா இருந்துச்சு, நிவேதாதான் மேடையில இருந்து கையைக் காட்டி, அக்கா சாப்பிட்டுட்டுத்தான் போகணும்னு சொன்னா. உக்காந்தேன். கால் ரெண்டும் கடுத்துச்சு, உக்காந்ததே சொகமா இருந்துச்சு. தண்ணி தெளிச்சு இலையைத் துடைச்சேன். உப்பு வச்சாங்க, கேசரி வச்சாங்க, வாழைக்காய்ப் பொரியல் வச்சாங்க. சோத்துவாளி மூணு இலை தள்ளி வந்துக்கிட்டிருக்கு, அதோட ஆவி என் மூஞ்சிக்கு வருது, அம்புட்டுப் பசி எனக்கு, கை தானா இலைக்குப் போகுது. அப்ப தோள்ல ஒரு விரல். ஒரே ஒரு விரல். இந்த வரிசை சம்பந்தி வீட்டுக்குப் போட்டது, மேளக்காரங்க, பந்தல்காரங்க, உங்களுக்கெல்லாம் பின்னாடி போடுவாங்க, எந்திரிங்கன்னு சொன்னாங்க கோமதியம்மா. சத்தமாச் சொல்லல. சத்தமாச் சொல்லியிருந்தா நானும் சத்தமாச் சொல்லியிருப்பேன். பக்கத்து இலைக்காரம்மா காதுல விழுந்துச்சு, அவங்க சட்டுனு தன் இலையைப் பாத்துக்கிட்டாங்க. பரிமாறின இலையில இருந்து எந்திரிச்சேன். என் கண்ணு முன்னாலயே என் இலையை ஒருத்தன் மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டான், கேசரி ஒரு பக்கமா வழிஞ்சுச்சு. நான் பின்னாடி போகல. கை கழுவ வேண்டியதே இல்ல, பெட்டியை எடுத்தேன், வெளிய வந்துட்டேன். அவசரமாத்தான் வந்தேன். கண்ணுல தண்ணி வர்றதுக்குள்ள கேட்டைத் தாண்டணும்னு வந்தேன். இதை எப்படிச் சொல்றது, யார்கிட்டச் சொல்றது. திருடின்னு சொன்னதைக்கூட எதிர்த்து நிக்கலாம், அது பொய். இது நடந்துச்சே. அதுனாலதான் சீனிராஜுக்குக்கூடச் சொல்லல. சொன்னா அந்த மனுஷன் மண்டபத்துக்கே போயி நிப்பாரு, அப்புறம் என்னைப் பாக்கிறப்பல்லாம் அந்த இலை அவர் கண்ணுல தெரியும். தோள்ல அந்த விரல், வலது கை விரல், மோதிரம் குத்துச்சு. இடது கை. இடது கையில என்ன இருந்துச்சு. இரு, இரு. அவங்க குனியும்போது என் காதுகிட்ட ஏதோ வழவழன்னு உரசுச்சே. வெல்வெட். கக்கத்துல இடுக்கியிருந்தாங்க, சிவப்பு, நான் மூடிக் குடுத்த பெட்டி. ஜெயக்கொடி என்கிட்ட எதுவும் குடுக்கலன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணின அந்தப் பொம்பளை, பெட்டியைக் கக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் என்னை எழுப்பினா. ஏ யப்பா. நாலு வருஷமா அந்த நிமிஷத்தைத் திரும்பிப் பாக்க மாட்டேன்னு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன், பெட்டி அங்கயேதான் இருந்திருக்கு.

சீனிராஜ் தண்ணி பாட்டிலோட வர்றாரு, சட்டை முதுகெல்லாம் நனைஞ்சிருச்சு. டப்பாவைத் திறந்தேன். திறந்து சாப்பிட்டேன். தீஞ்ச உருளைக்கிழங்கு ஒண்ணு விடாமச் சாப்பிட்டேன், ஒரு பருக்கை மிச்சம் வைக்கல, அவர் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாரு, சரின்னு சொல்லப் போறேன்னு நெனச்சிட்டாரு போல, மூஞ்சி தெளிஞ்சிருந்துச்சு. மூடியை மூடினேன். மன்னிச்சுக்கங்க, நான் சரி சொல்ல மாட்டேன்னேன். அவர் என் கையில இருந்து டப்பாவை வாங்கிக்கிட்டாரு. வராந்தாவுல ஆமினாம்மாவைப் பிடிச்சு, வாதாடுங்கம்மா, ஜட்ஜய்யா என்னைக் கேக்கட்டும், என்கிட்ட பதில் இருக்குன்னேன். என்ன பதில்னு அவங்க கேக்கல. நாடாவை ஒரே இழுப்புல அவுத்தாங்க. அப்ப டவாலி என் பேரைக் கூப்பிட ஆரம்பிச்சாரு, மூணாவது தடவை கூப்பிடுறதுக்குள்ள நான் உள்ள போயிட்டேன்.

ஆமினாம்மா எந்திரிச்சு, தண்டனையைக் குறைக்கச் சொல்லி வரல, தீர்ப்பையே எதிர்க்கிறோம்னு சொன்னதும் ஜட்ஜய்யா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. அந்த வரியைப் படிச்சாங்க. இந்த விஷயத்தை விசாரணைக் கோர்ட் எதிரிகிட்ட ஒரு கேள்வியாக்கூடக் கேக்கல, விளக்கம் சொல்ல வாய்ப்பே குடுக்காம அதையே குற்றத்துக்கு ஆதாரமா எடுத்துக்கிட்டாங்கன்னாங்க. நான் பின்வரிசையில நின்னுக்கிட்டிருந்தேன். அரசு வக்கீல் பாதி எந்திரிச்சு, கேட்டிருந்தாலும் பொய்னுதான் சொல்லியிருப்பாங்க, எல்லாத்துக்கும் அதைத்தானே சொல்லியிருக்காங்கன்னாரு. ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. அவர் சொன்னது நெசம்தான், அன்னிக்கு நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஜட்ஜய்யா சிரிக்கல. ஆமினாம்மாவைத் தாண்டி என்னைப் பாத்தாரு, முன்னால வரச் சொன்னாரு.

"ஜெயக்கொடி நீங்கதானே. இதுக்கு நீங்க பதில் சொல்லியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா கேக்க வேண்டியது எங்க கடமை, அதனால நான் கேக்கறேன். அந்தக் கல்யாணத்துல நீங்க ஏன் சாப்பிடாமப் போனீங்க? பசிக்கலையா?"

நாலு வருஷம். இன்ஸ்பெக்டர் கேக்கல, கிளார்க் கேக்கல, தீர்ப்பு எழுதினவர் கேக்கல. கூண்டுக் கட்டையை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஜட்ஜய்யா டவாலியைப் பாத்துக் கையைக் காட்டினாரு, அவர் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து என் பக்கத்துல போட்டாரு. உக்காருங்கம்மா, உக்காந்தே சொல்லுங்க, ஒண்ணும் அவசரமில்லன்னாரு ஜட்ஜய்யா. நான் உக்காந்தேன். முந்தானையை இழுத்து மடியில வச்சுக்கிட்டேன். பின்னால சீனிராஜ் நிக்கிறாருன்னு தெரியும், கேக்கட்டும், அவரும் கேக்கட்டும்.

"பசிச்சுச்சுங்கய்யா. ரொம்பப் பசிச்சுச்சு. நான் இலையில உக்காந்துட்டேன். கேசரி வச்சுட்டாங்க, சோறு மூணு இலை தள்ளி வந்துக்கிட்டிருந்துச்சு. அந்தக் கோமதியம்மா வந்து என்னை இலையில இருந்து எழுப்பிவிட்டாங்க. அப்ப அவங்க கக்கத்துல, நான் மூடிக் குடுத்த நகைப்பெட்டி இருந்துச்சு."

டைப் அடிச்சுக்கிட்டிருந்த பொண்ணு கையை நிறுத்திட்டு என்னைப் பாத்தா. நிறுத்தாதீங்க, அவங்க சொல்ற வார்த்தையிலேயே அடிங்கன்னு ஜட்ஜய்யா சொன்னாரு, என்கிட்டத் திரும்பி, ம், சொல்லுங்கன்னாரு. நான் சொன்னேன். தோள்ல பட்ட விரலைச் சொன்னேன், மோதிரம் குத்தினதைச் சொன்னேன், மடிச்ச இலையில கேசரி வழிஞ்சதைச் சொன்னேன், ஏன் இத்தனை நாள் சொல்லலங்கிறதையும் சொன்னேன். தலையைக் குனியல, கண்ணைத் துடைக்கல. பின்னால டிபன் டப்பாவை யாரோ டொக்குன்னு தரையில வைக்கிற சத்தம் கேட்டுச்சு, திரும்பிப் பாக்காமயே யாருன்னு தெரிஞ்சுச்சு. அப்பவும் நிறுத்தல. தீர்ப்பு என்ன வரும்னு எனக்குத் தெரியாது, அடுத்த வாரம்னு அப்புறம் சொன்னாங்க. ஆனா அந்த நாற்காலியில நான் உக்காந்து சொல்லி முடிக்கிற வரைக்கும் என்னை யாரும் எழுப்பல.